முதலில் மேடையேறுபவர்களைத் தவறவிடாதீர்கள்: சிறிய பங்க், எமோ குழுக்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

பங்க் என்பது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை, எமோ அதிலிருந்து கிளைத்த உணர்ச்சிமயமான வகை. இந்த இசைக்குள் புதிதாக வருகிறவருக்குப் பெரிய பெயர்கள் நாலைந்து சிரமமில்லாமல் கிடைத்துவிடும். அதற்கு அப்பால் எங்கே போவது என்பதில்தான் திணறல். ஸ்ட்ரீமிங் செயலியை நம்பினால் அது திரும்பத் திரும்ப அதே இருபது குழுக்களையே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டைக் கேட்டவர்கள் கூடவே வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் செயலி பெரும்பாலும் பரிந்துரை செய்கிறது. மொத்தமே முந்நூறு பேர் கேட்கும் குழுவுக்கு அந்தக் கணக்கு தேறாது. நூறு பிரதி போட்டு விற்ற டெமோ (முன்னோட்டப் பதிவு) கேசட்டோ, இரண்டு குழுக்கள் பங்கு போட்டு வெளியிட்ட சின்ன இசைத்தட்டோ செயலிக்குள் வராமலே போவதும் உண்டு.

நல்லவேளையாக, இந்த இசையில் எந்தக் குழுவும் தனியாக நிற்பதில்லை. ஒரே டிரம்மர் மூன்று குழுவில் வாசிப்பார். ஒரே ஊரின் ஆறு குழுக்கள் ஒரே லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனத்தில்) வெளியிடும், ஒரே நிலவறையில் வாசிக்கும், ஒரே ஒலிப்பதிவாளரிடம் போகும். இந்தத் தொடர்புகளைப் படிக்கத் தெரிந்தால் ஒரு குழுவிலிருந்து பத்துக் குழுவுக்குப் போகலாம். அதற்கு இரண்டு வழிகள்: நேரடி நிகழ்ச்சி, இசைத்தட்டு. கீழே வரும் விலைகளும் வழக்கங்களும் அமெரிக்காவுக்கு உரியவை. இந்த இசையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

கொஞ்சம் பின்கதை

பங்க் 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பியது. நம் விஷயத்துக்கு முக்கியமான திருப்பம் 1977 ஜனவரியில் மான்செஸ்டரில் நடந்தது. பஸ்காக்ஸ் என்ற குழு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் தங்கள் முதல் இ.பி.யை (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறிய தட்டை) 1,000 பிரதிகள் அச்சடித்தது. எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது, எதன்மேல் எத்தனை தடவை கூடுதல் பதிவு செய்தார்கள் என்பதையெல்லாம் உறையிலேயே போட்டுவிட்டார்கள். ‘இவ்வளவுதான் வேலை, நீங்களும் செய்யலாம்’ என்று கூப்பிடாமல் கூப்பிட்ட மாதிரி. அந்தத் தட்டு கடைசியில் 16,000 பிரதிகள் போனது.

1980-ல் வாஷிங்டன் டி.சி.யில் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிக்கூட வயதுப் பையன்களின் குழு கலைந்தது. நிகழ்ச்சிகளில் கிடைத்துச் சேர்த்து வைத்திருந்த சில நூறு டாலரைப் பங்கு பிரிக்காமல் அதில் ஒரு 7 அங்குல இசைத்தட்டு போட்டார்கள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் பிறந்தது அப்படித்தான். அச்சாகி வந்த அட்டையைக் கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி உறைகளைத் தாங்களே செய்தார்கள். அன்றிலிருந்து டிஸ்கார்ட் டி.சி. வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிட்டு வருகிறது. எனவே அந்த லேபிளின் பட்டியலைப் படிப்பது ஒரு நகரத்தின் வரைபடத்தைப் படிப்பதற்குச் சமம். சிறு லேபிள்களை ஏன் தொடர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எமோவின் தொடக்கமும் அந்த நகரம்தான். 1985-ல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ் போன்ற குழுக்கள் ஹார்ட்கோர் என்ற இன்னும் மூர்க்கமான பங்கின் வேகத்தோடு தனிமனித வலியையும் மெட்டையும் சேர்த்தன. எமோ என்ற பெயர் அவர்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் ஒட்டிக்கொண்டது. 1990-களில் அது நடு அமெரிக்காவுக்கு நகர்ந்தது: சிகாகோவின் கேப்’ன் ஜாஸ், இலினாயின் பிரெய்ட், கேன்சஸ் சிட்டியின் கெட் அப் கிட்ஸ். சிணுங்கும் கிட்டார், வழக்கத்துக்கு மாறான சுருதி அமைப்பு, திடீர் தாள மாற்றம், சில சமயம் ஒரு டிரம்பெட். இன்று மிட்வெஸ்ட் எமோ என்று சொல்லப்படுவது இது. அதே காலத்தில் சான் டியாகோ பக்கம் கிராவிட்டி ரெக்கார்ட்ஸ் லேபிளைச் சுற்றி அலறலும் இரைச்சலுமான கிளை ஒன்று வளர்ந்தது. ஸ்க்ரீமோ அங்கிருந்துதான் விரிந்தது. இரண்டும் எமோதான், ஆனால் ஒன்றை விரும்புகிறவருக்கு மற்றது காதைப் பொத்தவைக்கும். தேடலைத் தொடங்கும்போது உங்களைப் பிடித்து இழுப்பது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

நிகழ்ச்சி எங்கே நடக்கிறது

சிறிய குழு வாசிக்கும் இடம் மூன்று வகை. 100 முதல் 300 பேர் கொள்ளும் கிளப் அல்லது பார் ஒன்று. தன்னார்வலர்கள் நடத்தும் இடம் இன்னொன்று. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986 டிசம்பர் 31 அன்று தொடங்கிய 924 கில்மன் ஸ்ட்ரீட் இதில் பேர்பெற்றது. எல்லா வயதினருக்கும் அனுமதி. பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு மேடை இல்லை. அங்கேயே வளர்ந்த கிரீன் டே பெரிய நிறுவனத்துக்குப் போனதும் கதவு சாத்தப்பட்டது. 2015-ல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்குத்தான் அந்த மேடையில் மீண்டும் ஏறினார்கள்.

மூன்றாவது வகை வீடு. வாடகை வீட்டு நிலவறையிலோ கூடத்திலோ நாற்பது, ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். சிறிய எமோ குழுக்களில் பலவற்றின் முதல் ஆண்டுகள் இப்படித்தான் ஓடுகின்றன. முகவரி நோட்டீசில் இருக்காது. ‘பங்க் ரசிகர் யாரிடமாவது கேளுங்கள்’ என்றோ, ‘முகவரி வேண்டுமானால் செய்தி அனுப்பவும்’ என்றோ போட்டிருக்கும். இதில் பந்தா எதுவும் இல்லை. முகவரி பொதுவில் பரவினால் அக்கம்பக்கத்துப் புகார் வரும், பிறகு போலீஸ், பிறகு வீட்டுக்காரர், அதோடு அந்த இடம் முடிந்தது. ஆகவே நோட்டீசில் பெயர் இருக்கும் குழுக்களில் ஒன்றுக்கோ, நிகழ்ச்சி நடத்துகிறவருக்கோ இரண்டு வரியில் கேளுங்கள்: இந்தத் தேதி நிகழ்ச்சிக்கு வர விரும்புகிறேன், முகவரி கிடைக்குமா? பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்ததை வேறெங்கும் பதிவிடாதீர்கள். வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் பேசுவது, புட்டியோடு தெருவில் நிற்பது இரண்டும்தான் இப்படிப்பட்ட இடங்களைச் சீக்கிரம் மூடவைக்கின்றன. உள்ளே அடிக்கும் டிரம்மைவிட வெளியே நிற்கும் கூட்டம்தான் அண்டை வீட்டுக்காரரை ஆத்திரப்படுத்தும்.

நிகழ்ச்சித் தகவலுக்கு உங்களுக்குத் தெரிந்த ஒரு உள்ளூர்க் குழுவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது வாசிக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் நோட்டீசிலும் இன்னும் மூன்று பெயர் இருக்கும், நடத்துகிறவர் பெயரும் இருக்கும். நடத்துகிறவரைத் தொடர்வதுதான் குழுவைத் தொடர்வதைவிடப் பலன் தரும். ஓர் ஊரில் இந்த வகை நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர்தான். அவர்கள் ரசனை உங்கள் ரசனையோடு ஒத்துப்போனால், பெயரே கேள்விப்படாத குழுவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

பல குழுக்களை ஒரே மூச்சில் பார்க்க விழாக்களும் உண்டு. புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் 2002 முதல் நடக்கும் தி ஃபெஸ்ட், ஊரெங்கும் உள்ள சிறிய அரங்குகளில் ஒரே வார இறுதியில் நூற்றுக்கணக்கான குழுக்களை மேடையேற்றுகிறது. ஆனால் தொடக்கக்காரருக்கு அது சற்று அதிகம். நாலு குழு வாசிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அதைவிட மனதில் நிற்கும்.

அந்த இரவு எப்படிப் போகும்

பொதுவாக மூன்று முதல் ஐந்து குழுக்கள். நோட்டீசில் இரண்டு நேரம் இருந்தால் முந்தையது கதவு திறக்கும் நேரம், பிந்தையது முதல் குழு தொடங்கும் நேரம். முதலில் வரும் குழுக்களுக்கு 20 முதல் 25 நிமிடம், கடைசிக் குழுவுக்கு 40 நிமிடம் சொச்சம். நடுவில் கருவிகளை மாற்ற 10 முதல் 15 நிமிடம். வீட்டு நிகழ்ச்சி இரவு பத்து, பதினோரு மணிக்குள் முடிந்தாக வேண்டியிருக்கும். எனவே ‘பங்க் ஷோதானே, மெதுவாகப் போகலாம்’ என்று கிளம்பினால் பாதி போய்விடும்.

வரிசை எப்படி அமைகிறது என்று தெரிந்தால் ஏன் முதல் ஆளாகப் போகச் சொல்கிறோம் என்பது புரியும். வெளியூரிலிருந்து வேனில் வரும் ஒன்றோ இரண்டோ குழுக்களை நடுவிலும் கடைசியிலும் போடுவார்கள். முதல் இடம் பெரும்பாலும் உள்ளூரின் புதிய குழுவுக்கு. அவர்களிடம் இசைத்தட்டு இருக்காது, சில சமயம் ஒரு பாட்டுகூட இணையத்தில் இருக்காது. வேறு எந்த வழியிலும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாத குழு அதுதான். கடைசிக் குழுவை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். முதல் குழு அடுத்த ஆண்டு இருக்குமா என்பதே சந்தேகம்.

நிலவறையில் முதல் தடவை நிற்பவர்களின் பொதுப் புகார், பாடுவது கேட்கவில்லை என்பது. பாடகர்மேல் குற்றமில்லை. சிறிய இடத்தில் ஒலிபெருக்கி வழியாக வருவது குரல் மட்டும். டிரம் தன் சொந்த சத்தத்தில், கிட்டார் தன் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தில். டிரம்முக்கு ஈடுகொடுக்கக் கிட்டாரை ஏற்றுவார்கள், கிட்டாருக்கு ஈடாகக் குரலை ஏற்றினால் மைக் ஊளையிடும். அதனால் குரல் அமுங்கியே இருக்கும். கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் பாயும். அதற்கு நேர் எதிரே நின்றால் கிட்டார் மட்டும்தான் காதைத் துளைக்கும். குரல் வரும் ஸ்பீக்கர் எது என்று பார்த்து, அதை நோக்கியபடி அறையின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். அந்த நாலடி நகர்வில் பாட்டே வேறாகிவிடும்.

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம். நிலவறையில் வாசிக்கும் பங்க் குழு 100-ஐச் சுலபமாகத் தாண்டும். மென்பஞ்சு அடைப்பானை வெறுமனே காதில் செருகினால் பயனில்லை. விரல்களுக்கிடையே மெல்லிய குச்சி போல உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் முழங்கினால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. பஞ்சு வகையில் மேல்சுருதி அதிகமாக வடிகட்டப்படுவதால் இசை மந்தமாகக் கேட்கும்; 20, 30 டாலருக்குக் கிடைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். காகிதத்தைக் கசக்கி வைத்துக்கொள்வது வீண் வேலை.

முன்வரிசையில் முட்டி மோதுவார்கள். விழுந்தவரை உடனே தூக்குவது எழுதாத சட்டம். மோத விருப்பமில்லாதவர் சுவரோரம் நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வையுங்கள், பையை முதுகில் மாட்டாதீர்கள். எமோ நிகழ்ச்சியில் மோதலைவிட, கூட்டம் மைக்கை நோக்கிக் குவிந்து சேர்ந்து பாடுவதே அதிகம்.

சில கிளப்களின் வாசலில் இளையவர்களின் புறங்கையில் தடித்த கறுப்பு மையில் பெருக்கல் குறி போடுவார்கள். 21 வயது ஆகாதவர், மது கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். இதன் வேர் முன்பு சொன்ன டீன் ஐடில்ஸ் குழுதான். 1980-ல் அவர்கள் சான் பிரான்சிஸ்கோ போனபோது ஒரு கிளப்பில் இப்படிக் குறி போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் அதே முறையில் எங்களையும் விடுங்கள் என்று வாஷிங்டன் கிளப்களிடம் கேட்டு வாங்கினார்கள். குறுக்காக வைத்த கைகளில் அந்தக் குறியோடு இருக்கும் படம்தான் அவர்கள் 7 அங்குலத் தட்டின் அட்டை.

மெர்ச் மேசை

இரவின் மிகப் பயனுள்ள இடம் மேடை இல்லை, சட்டையும் தட்டும் விற்கும் மேசை. குழு வாசித்து முடித்ததும் அங்கே ஓடாதீர்கள். அவர்கள் வியர்வையோடு டிரம்மைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள், அடுத்த குழு காத்திருக்கும். பத்து நிமிடம் கழித்துப் போங்கள்.

சிறிய குழுக்களிடம் 7 அங்குலத் தட்டு 7 முதல் 10 டாலர், எல்.பி. (முழு ஆல்பம் கொண்ட பெரிய தட்டு) 20 முதல் 30, கேசட் 5 முதல் 10, சட்டை 20 முதல் 30 டாலர் என்ற அளவில் இருக்கும். கைபேசி வழியாகவும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நிலவறையில் சிக்னல் கிடைக்காது, ஐந்தும் பத்துமாக ரொக்கம் வைத்திருங்கள். பேரம் பேசாதீர்கள். அந்த மேசையின் பொருளாதாரம் இப்படி: வீட்டு நிகழ்ச்சியில் 40 பேர் ஆளுக்கு 10 டாலர் போட்டால் 400. உள்ளூர்க் குழுக்கள் பொதுவாகத் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும். வெளியூர்க் குழு இரண்டு என்றால் குழுவுக்கு 200. வேனில் நாலைந்து பேர், அடுத்த ஊர் 400 கிலோமீட்டர். பெட்ரோல் போக மிஞ்சுவதில் சாப்பாடு. ஒரு சட்டை விற்றால் அதில் பாதிக்கு மேல் கையில் நிற்கும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு காசும் கிடையாது. எனவே நீங்கள் வாங்கும் ஒரு கேசட் அவர்களுக்கு நிஜமான பணம். பெரிய அரங்குகள் சில இந்த விற்பனையிலும் பங்கு பிடுங்கும். வீட்டிலும் தன்னார்வ இடங்களிலும் அது கிடையாது.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: ‘உங்க ஊர்ல வேற யாரைக் கேக்கணும்?’ தங்களைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள்கூட நண்பர்களின் குழுவைப் பற்றிக் கேட்டால் கொட்டித் தீர்ப்பார்கள். கைபேசியில் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குழுப் பெயர்கள் முழு வாக்கியம் அளவுக்கு நீளமாகவோ, தேடினால் ஆயிரம் பொருள் வரும் ஒற்றைச் சொல்லாகவோ இருக்கும். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளாவிட்டால் மறுநாள் கிடைக்காது.

சில இரவுகளில் பக்கத்திலேயே இன்னொரு மேசை, அட்டைப்பெட்டி நிறைய வேறு வேறு குழுக்களின் தட்டுகளோடு இருக்கும். இது டிஸ்ட்ரோ. சிறு லேபிள்கள் தங்களுக்குள் பண்டமாற்று செய்கின்றன: என்னுடைய தட்டு பத்து, உன்னுடையது பத்து. மிச்சிகனில் போட்ட தட்டு ஜெர்மனியின் ஒரு நிலவறைக்கு இப்படித்தான் போய்ச் சேருகிறது. பெட்டியின் சொந்தக்காரரிடம் ‘இன்னைக்கு வாசிச்ச குழு பிடிச்சுது, இதுல எதை எடுக்கலாம்?’ என்று கேளுங்கள். எந்த அல்காரிதமும் தராத பதில் வரும்.

இசைத்தட்டை எழுத்தெழுத்தாகப் படிப்பது

வடிவங்களை முதலில் பார்த்துவிடலாம். 7 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம் வரை நன்றாகக் கொள்ளும். 33 சுழற்சியில் ஆறேழு நிமிடம், சத்தமும் தரமும் சற்றுக் குறையும். நடுத்துளை பெரிதாக இருந்தால் அடாப்டர் வேண்டும். எத்தனை சுழற்சி என்று அச்சிட மறந்த தட்டுகள் இந்த உலகில் ஏராளம். பாடுகிறவர் குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஸ்க்ரீமோ என்றால் அதுவும் கடினம், டிரம்மின் சிம்பல் ஒலியைக் கவனியுங்கள். 12 அங்குல எல்.பி. பக்கத்துக்கு 22 நிமிடம் வரை தாங்கும். கேசட்டை ஐம்பது, நூறு என்று குறைந்த செலவில் போடலாம் என்பதால் முதல் டெமோவுக்கு அதுதான் தோது. லேத் கட் என்று போட்டிருந்தால் அச்சில் வார்க்காமல் ஒவ்வொன்றாகச் செதுக்கிய தட்டு. இருபது, முப்பது பிரதிக்கு ஏற்றது, ஒலி பொதுவாக மங்கல்.

தொடக்கக்காரர் முதலில் வாங்க வேண்டியது ஸ்பிளிட் தட்டு என்பது எங்கள் கட்சி. ஒரு பக்கம் ஒரு குழு, மறுபக்கம் இன்னொன்று. செலவைப் பங்கிட்டுக்கொள்ள எழுந்த ஏற்பாடு அது. ஒரு குழுவின் ரசிகர் கையில் மற்றக் குழுவும் தானாகச் சேர்ந்துவிடுகிறது. தெரிந்த குழுவுக்காக வாங்கித் தெரியாத பக்கத்தைப் போட்டுக் கேளுங்கள். அதே காரணத்துக்காகத் தொகுப்புத் தட்டுகளும் நல்லவை, ஆனால் பதினைந்து குழுவில் பத்து சுமாராக இருக்கும்.

இனி எழுத்துகள். உறைக்குள் இருக்கும் தாளில் நன்றிப் பட்டியல் பொடி எழுத்தில் ஓடும். அதில் வரும் குழுப் பெயர்கள் சேர்ந்து பயணித்தவர்கள், படுக்க இடம் கொடுத்தவர்கள். அங்கிருந்து ஐந்து பெயரை எடுத்துக் கேட்டால் இரண்டாவது தேறும். அடுத்து, ஒலிப்பதிவு செய்தவர் பெயர். ஜாபாக்ஸ் குழுவின் பாடகர் ஜே. ராபின்ஸ் 1990-களில் பிரெய்ட், பிராமிஸ் ரிங் இரண்டு குழுக்களின் ஆல்பங்களையும் பதிவு செய்தார். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனாலே அந்தக் காலத்து எமோவின் நல்ல பகுதி ஒன்று கைக்கு வந்துவிடும். உங்கள் ஊர்க் குழுக்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார்.

லேபிளின் வரிசை எண் முதுகுப் பட்டையில் இருக்கும். எண் 14 உங்கள் கையில் என்றால் 13-ஐயும் 15-ஐயும் தேடுங்கள். இசை முடிந்து மையத் தாள் தொடங்குவதற்கு முன் உள்ள வெற்று வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். அச்சு எண்ணோடு, ஊசியால் கீறியது போல ஒரு கிண்டலோ நண்பர் பெயரோ இருக்கும். எந்த அச்சு என்று அடையாளம் காண அந்த எண் உதவும்.

எல்லாவற்றையும்விட வலுவான இழை, ஆட்கள். கேப்’ன் ஜாஸ் 1995-ல் கலைந்தது. அதன் டேவி வான் போலன் பிராமிஸ் ரிங்குக்குப் போனார். டிம் கின்செல்லா ஜோன் ஆஃப் ஆர்க் என்ற குழுவைத் தொடங்கினார். டிரம்மரான தம்பி மைக் கின்செல்லா பிறகு அமெரிக்கன் ஃபுட்பால் குழுவில் பாடினார், ஓவன் என்ற பெயரில் தனியாகவும் பாடுகிறார். ஆல்பம் ஒன்றோடு நின்றுபோன ஒரு குழுவிலிருந்து இத்தனை கிளை. குழு கலைந்தது என்று தெரிந்தால் வருத்தப்பட்டு நிற்காமல், ஒவ்வொருவரும் எங்கே போனார்கள் என்று பாருங்கள்.

இணையத்தில் வாங்கும்போது

பேண்ட்கேம்ப் தளம்தான் இந்தக் குழுக்களின் வீடு. 2008-ல் தொடங்கியது, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் தட்டு, சட்டையில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுவிடுகிறது. தேடும்போது ‘எமோ’ என்று மட்டும் போட்டால் கடல். இசைவகைக் குறிச்சொல்லோடு ஊர்ப் பெயரையும் சேருங்கள், பிலடெல்பியாவும் மிட்வெஸ்ட் எமோவும் என்பது போல. இன்னும் நல்ல தந்திரம்: உங்களுக்குப் பிடித்த, அதிகம் விற்காத ஓர் ஆல்பத்தின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறுபடங்கள் இருக்கும். ஒருவரைச் சொடுக்கினால் அவர் வாங்கிய எல்லாம் தெரியும். நாற்பது பேர் மட்டும் வாங்கிய ஒரு டெமோவை நீங்களும் வாங்கியிருந்தால் அந்த நாற்பது பேர் உங்கள் ஆட்கள்.

டெமோ ஒலியை வைத்துக் குழுவை எடைபோடாதீர்கள். நாலு மைக்கில், ஒரே மதியத்தில் பதிவானது அது. மேடையில் அறையையே உலுக்கும் குழு கேசட்டில் தகரம் போலக் கேட்பது சகஜம். மாறாக, பதிவில் பளபளப்பாக இருந்து மேடையில் சொதப்புகிறவர்களும் உண்டு.

முன்பதிவு செய்தால் பணம் உடனே போகும், தட்டு மாதங்கள் கழித்து வரும். மோசடி என்று பதற வேண்டாம். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, தட்டு அச்சுக்கு மூலமான லாக்கர் தகடு செய்ய உலகில் மிச்சமிருந்த பெரிய ஆலை ஒன்றே ஒன்று. பின்னர் வினைல் (இசைத்தட்டு) மோகம் கூடி ஆலைகளில் வரிசை நீண்டது. முந்நூறு பிரதி கேட்கும் லேபிள் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும்.

தட்டு உறைக்குள்ளேயே இருந்து தபாலில் குலுங்கினால் அதன் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். வாங்கும்போது ‘தட்டை வெளி உறைக்கு வெளியே வைத்து அனுப்புங்கள்’ என்று ஒரு குறிப்புப் போடுங்கள். வெளிநாட்டுத் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டும் என்பதால் ஒரே லேபிளில் மூன்று, நான்கு சேர்த்து வாங்குவது நல்லது. பழைய தட்டுகளுக்கு டிஸ்காக்ஸ் தளம். அங்கே விற்பவர் சொல்லும் விலையைப் பார்க்காமல், முன்பு உண்மையில் விற்ற விலைகளின் நடு அளவைப் பாருங்கள். நிலைக் குறிப்பில் ‘வி.ஜி.’ என்றால் மிக நன்று என்று விரியும், ஆனால் நடைமுறையில் கீறலும் பொரிச்சலும் உறுதி, ‘வி.ஜி. பிளஸ்’ முதல் மேலே வாங்கினால் போதும். முதல் அச்சு, நிறத்தட்டு என்று மும்மடங்கு விலை சொல்வார்கள். மறு அச்சிலும் அதே பாட்டுகள்தான். சேகரிப்பவர் ஆகிவிட்ட பிறகு அந்தச் செலவை யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டு, மூன்று ஆண்டில் கலைந்துவிடுவதுதான் இந்தக் குழுக்களின் இயல்பு. அப்படிப் போன குழு உங்களுக்குப் பிடித்துவிட்டால் அதன் 7 அங்குலங்களை ஒவ்வொன்றாக வேட்டையாடாமல் முதலில் டிஸ்கோகிராஃபி வந்திருக்கிறதா என்று பாருங்கள்: எல்லாப் பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்த வெளியீடு. கேப்’ன் ஜாஸுக்கு 1998-ல் ஜேட் ட்ரீ லேபிள் அப்படி ஒன்று போட்டது. நேரடிப் பதிவு வேண்டுமென்றால் டி.சி.யின் ஃபுகாசி குழு 2011 முதல் தன் 800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிப் பதிவுகளை இணையத்தில் விற்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, இடம், கதவுக் கட்டணம், அன்று கூட வாசித்தவர்கள் பெயர் என்று தெரிந்த அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். டிஸ்கோகிராஃபி வாங்கினால் உள்தாளில் எந்தப் பாட்டு எந்த ஸ்பிளிட்டில், எந்தத் தொகுப்பில் முதலில் வந்தது என்று வரிசையாக இருக்கும். மறுபக்கத்தில் யார் வாசித்தார்கள் என்று அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.